எஸ்டிமாவின் கதவும் புனலூர் சேட்டனும்

ஜூலை 3 – திருநெல்வேலி, ஐந்தருவி, பிரானூர் பார்டர்

சாரல் ஆரம்பித்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்களை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா, மனைவி, மகள், நான் என நாலு பேரும் எஸ்டிமாவில் ஏறிவிட்டோம். ஐந்தருவியில் தலையை நனைத்துக்கொண்டு, செங்கோட்டை வழியாகத் தென்மலை, புனலூர் வரை போக வேண்டும். எங்கே இருட்டுகிறதோ அங்கே வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம். இதுதான் திட்டம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா எஸ்டிமா, 2001-ல் ஜப்பானில் செய்தது. மாமா நகோயாவில் வேலை பார்த்துவிட்டு 2004-ல் ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தார். பழைய வண்டியை இறக்குவதென்றால் 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதி. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் கட்டி முடித்தபோது, வண்டி வாங்கிய காசைவிட அது அதிகம் என்று மாமா இன்றும் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது.

வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பேசும். அந்த ஊர்ச் சுங்கச்சாவடிக்கான கார்டு செருகப்படவில்லை என்று சொல்கிறதாம். 'ஈடிசி காதோ கா சோன்யூ சரேதே இமாசென்' என்று என் மகளும் கூடவே சொல்வாள். ரேடியோ 76-ல் ஆரம்பித்து 90-ல் முடிந்துவிடும். நம் ஊர் எஃப்எம் பெரும்பாலும் 90-க்கு மேலேதான். ரேடியோவை மாற்றிவிடலாம் என்றால் மாமா சம்மதிக்க மாட்டார். அதனால் போகும் வழியெல்லாம் பேச்சுதான். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

ஐந்தருவியில் கூட்டம் இருந்தாலும் தண்ணீர் நன்றாக விழுந்தது. மாமா ஒரு மணி நேரம் வெளியே வரவே இல்லை. பசி வந்ததும் நேராகப் பிரானூர் பார்டர். கல்லில் போட்ட சின்னப் பரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் மிளகுக் கோழி, ஆளுக்கு ஒரு காடை. அங்கே உட்கார்ந்தால் யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. நாலு பேருக்கும் சேர்த்து 1,140 ரூபாய் ஆனது.

சாப்பிட்டு வந்து மகள் இடப்பக்கக் கதவின் கைப்பிடியை இழுத்தாள். எஸ்டிமாவுக்கு இரண்டு பக்கமும் சறுக்குக் கதவு. இடது கதவு மட்டும் மோட்டாரில் தானாகத் திறக்கும். பாதி தூரம் போனதும் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். கதவின் பின்பக்கம் அரை அங்குலம் கீழே தொங்கிவிட்டது. முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. பீப் பீப் என்று வண்டி கத்த, டேஷ்போர்டில் இருக்கும் சுவிட்சை அமுக்கி மோட்டாரை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது.

பக்கத்தில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து பார்த்தார். "தள்ளாதீங்க அண்ணாச்சி, தூக்கித் தள்ளணும்" என்று சொல்லிப் பொட்டலத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கதவின் அடியில் தோள் கொடுத்தார். ரெண்டு பேருமாகத் தூக்கி ஒருவாறு மூடினோம். பூட்டு விழவில்லை. அவர் லாரிக்குப் போய்த் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றை எடுத்துவந்து, கதவின் உள் கைப்பிடியிலிருந்து எதிர்ப்பக்கத் தூணின் பிடிவரை இழுத்து, லாரிக்காரர்கள் போடும் அந்த இறுக்கு முடிச்சைப் போட்டார். ஒரே இழுப்பில் கதவு ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "புனலூர்ல கல்ஃப்ல இருந்து வந்த மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. இந்த மாதிரி வண்டி முன்னால நிக்கிறதப் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிப்போன பரோட்டாவோடு கிளம்பினார்.

இரவு செங்கோட்டையில் ஒரு லாட்ஜ். வாடகை 1,200. ஜன்னலைத் திறந்தால் கணவாய்க் காற்று விளக்கையே ஆட்டியது.

ஜூலை 4 – செங்கோட்டை, ஆரியங்காவு, கழுதுருட்டி, புனலூர்

காலையில் மனைவி திரும்பிவிடலாம் என்றாள். திரும்பினால் அங்கே யாரிடம் காட்டுவது? இதுதான் இந்த வண்டியின் பாடு. ஜப்பானில் உள்ளூருக்கென்று செய்த வண்டிகளுக்கு 17 எழுத்து சேஸிஸ் எண் கிடையாது. 'ஏசிஆர்30' என்று மாடல் பெயர், ஒரு கோடு, அப்புறம் வரிசை எண், அவ்வளவுதான். ஒரு ஷோரூமில் எங்கள் எண்ணை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, "சார், இப்படி ஒரு வண்டியே இல்ல" என்றார்கள். வண்டி அவர்கள் வாசலில்தான் நின்றது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற ஒவ்வொரு வருடமும் இதே கதை. ஆன்லைன் படிவம் ஏற்காது, நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் இன்ஜின் விஷயத்தில் எங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம். உள்ளே இருப்பது 2ஏஇசட் என்கிற 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 2002-லிருந்து இந்தியாவில் விற்ற கேம்ரியிலும் இதே இன்ஜின்தான். ஆயில் ஃபில்டர், பிளக், வாட்டர் பம்ப் எல்லாம் கேம்ரிக்கென்று கேட்டு வாங்கிவிடலாம். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. டயர் இன்னோவாவின் அளவு. கஷ்டமெல்லாம் உடம்பில்தான்: கதவு, கண்ணாடி, விளக்கு, ரப்பர். பின் விளக்கு ஒன்று உடைந்தபோது துபாயில் இருக்கும் உறவுக்காரப் பையன் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தான்.

மாமா முடிவாகச் சொன்னார். "மாப்ள, அந்த லாரிக்காரர் சொன்ன ஆளப் பாத்துருவோம்." கயிறு கட்டிய பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. செங்கோட்டையிலேயே பெட்ரோல் நிரப்பினோம். கேரளாவில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூட. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குச் செய்த வண்டியும் இது இல்லை. போன வருடமே எரிபொருள் ஹோஸ்களை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டுவிட்டேன். லிட்டருக்கு ஒன்பது கொடுத்தது இப்போது எட்டுதான் தருகிறது.

செங்கோட்டை நுழைவாயில் வளைவில் இன்றும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 வரை இந்த ஊர் அந்தப் பக்கம்தான். புளியரையில் இரண்டு பக்கமும் பச்சை வயல், எதிரே மேகம் மூடிய மலை. எஸ் வளைவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பொறுமையாக, இரண்டாவது கியரில் வைத்தே ஏற்றினேன்.

ஆரியங்காவு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கேரளத்தில் வண்டியை மாற்றியமைத்தவர்களைச் சும்மா விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். பின் இருக்கைகளை மடித்து, அதன்மேல் நான் போட்டிருக்கும் பிளைவுட் பலகையைத் தட்டிப் பார்த்தார். இருக்கையைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்துவிடுங்கள் என்று என்னிடம் பலர் சொன்னதுண்டு. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதனால்தான் பலகையை எந்த போல்ட்டும் இல்லாமல் செய்தேன். ரெண்டு நிமிடத்தில் தூக்கிக் காட்டினேன். அவருக்குத் திருப்தி. ஆர்சியைப் புரட்டிவிட்டு, புதுப்பிக்க எவ்வளவு ஆனது என்று கேட்டார். 2024-ல் 40,000 ரூபாய் கட்டினேன் என்றேன். அப்போது உள்நாட்டுக் கார் என்றால் 5,000 தான். 2025 ஆகஸ்டில் வந்த உத்தரவுப்படி, 20 வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு அது 80,000. எங்களுக்கு 2029-ல் அந்தத் தொகை காத்திருக்கிறது. "இஷ்டப்பட்டுப் போயில்லே" என்று அவர் சிரித்தார். ஆமாம், இஷ்டப்பட்டுவிட்டோம். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போங்கள், அந்தப் பக்கம் குழந்தையை உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சாவடி தாண்டி ஒரு கடையில் கட்டன் சாயா 10 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய். நேந்திரம் பழம் நன்றாகக் கனிந்திருந்தது. மகள் மூன்று சாப்பிட்டாள். கடைக்கார அம்மா நாலாவதைக் காசு வாங்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதிமூன்று கண் பாலம். 1904-ல் கொல்லம்–செங்கோட்டை ரயிலுக்காகக் கட்டிய கருங்கல் பாலம். மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நின்று, 2018-ல் அகல ரயில் வந்த பிறகும் அதே தூண்கள்தான் தாங்குகின்றன. மழையில் கல் கறுத்துப் பளபளத்தது. மாமா குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்.

புனலூரில் மெக்கானிக்கைக் கண்டுபிடிக்க ரெண்டே பேரிடம்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. தகரக் கொட்டகை, வாசலில் ஒரு பழைய பஜேரோ. அறுபது வயது இருக்கும், கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் வெளியே வந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையைத் துடைப்பதைக்கூட மறந்துவிட்டார்.

"ப்ரீவியா!"

வளைகுடாவில் எஸ்டிமா அந்தப் பெயரில்தான் விற்றது. சேட்டன் ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், அவர்கள் சொல்லும் சனாயாவில், 22 வருடம் ஸ்பேனர் பிடித்தவர். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், மற்றபடி கதவு, அது ஓடும் தண்டவாளம், உருளை எல்லாம் இதேதான் என்றார். நான் என்ன கோளாறு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கயிற்றைப் பார்த்துவிட்டு, "நடு ரோலர் போயி, அல்லே அண்ணாச்சி?" என்றார். நம் ஊரில் இந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் பானெட்டைத் திறந்து வெகுநேரம் வேடிக்கை பார்ப்பார்கள். இப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது!

சறுக்குக் கதவுக்கு மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை, நடுவில் பின்பக்கம் ஒரு உருளைத் தொகுதி. வண்டியின் வெளிப்பக்கத்தில், பின் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிறதே ஒரு பள்ளம், அதற்குள் இந்த நடு உருளை ஓடும். அதில் எடையைத் தாங்க ஒரு சக்கரம், வழி விலகாமல் இருக்க இரண்டு சக்கரங்கள். மோட்டாரின் கேபிளும் அதில்தான் மாட்டியிருக்கும். சேட்டன் கதவுக்கு அடியில் ஜாக்கியும் ஒரு மரக்கட்டையும் கொடுத்து, தண்டவாள முனையின் பிளாஸ்டிக் மூடியை விரல் நகத்தாலேயே நெம்பி எடுத்தார். "ஸ்குரூ டிரைவர் வெச்சா பொட்டும். பொட்டினா இது நாட்டில் கிட்டில்ல" என்றார். உடைந்தால் நம் ஊரில் கிடைக்காதாம். போல்ட்டைக் கழற்றிக் கேபிளை விடுவித்து உருளையை என் உள்ளங்கையில் வைத்தார். எடை தாங்கும் சக்கரத்தின் நைலான் கால்வாசி உடைந்து போயிருந்தது. உள்ளே இருந்த பேரிங் துருப்பிடித்துச் சுற்றவே இல்லை. சுற்றாத சக்கரத்தைக் கதவு இத்தனை நாள் இழுத்துத் தேய்த்திருக்கிறது.

புதிய பாகம் வேண்டாம், லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்றார். வெர்னியரை வைத்து உடையாத பகுதியை மூன்று இடத்தில் அளந்து சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். அப்போது கரண்ட் போனது. மலைப்பக்கம் மரம் விழுந்துவிட்டதாம், இரவுக்குள் வராது என்றார்கள். லாட்ஜ் தேட நான் கிளம்ப, சேட்டன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கதவில்லாத வண்டியைத் தெருவில் நிறுத்தக் கூடாது, உள்ளே கொட்டகையில் நிறுத்திப் படுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏழு மணிக்கு அவர் வீட்டிலிருந்து கப்பையும் மத்தி மீன் குழம்பும் வந்தன. குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு. அவர் மனைவியே குடை பிடித்துக்கொண்டு கொண்டுவந்தார். என் மனைவிக்கு மலையாளம் தெரியாது, அந்தச் சேச்சிக்குத் தமிழ் அரைகுறை. இருந்தும் குடம்புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

தகரத்தில் மழை கொட்டியது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் மாமாவும் சேட்டனும் பழைய டயர்மேல் உட்கார்ந்து பேசினார்கள். மாமா நகோயாவில் பார்த்த முதல் பனியைச் சொன்னார். சேட்டன், ஜூலை வெயிலில் சனாயாவில் ஸ்பேனரைத் தொட்டால் கை பொள்ளும், தண்ணீர் வாளியில் போட்டு எடுத்துத்தான் வேலை செய்வோம் என்றார். மகள் பிறந்ததைக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டதாக அவர் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. மாமாவுக்கும் அப்படித்தான். என் மனைவி பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அவளை முதலில் பார்த்தார். வண்டிக்குள் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து போய் அப்பாவுக்குப் போர்வை கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூலை 5 – புனலூர்

கரண்ட் ஒன்பதரைக்கு வந்தது. லேத் கடை நடக்கிற தூரம்தான். வெள்ளை நைலான் ராடை மாட்டி, லேத்காரர் சுருள் சுருளாகச் சீவினார். கொஞ்சம் சீவுவார், வெர்னியரில் பார்ப்பார், மறுபடி சீவுவார். கடைசியில் நடுவில் துளையிட்டுச் சின்ன பேரிங்கை அழுத்தி ஏற்றினார். ஒன்று போதும் என்று நான் சொல்ல, மாமா வலது கதவுக்கும் சேர்த்து இரண்டு செய்யச் சொன்னார்.

திரும்பி வருவதற்குள் சேட்டன் தண்டவாளத்தை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்திருந்தார். இத்தனை வருடக் கிரீஸ் மண்ணோடு சேர்ந்து தார் மாதிரி வந்தது. புதிதாகக் கிரீஸ் தடவ விடவில்லை. கெட்டிக் கிரீஸ் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். லேசாக சிலிக்கான் ஸ்பிரே மட்டும் அடித்தார். உருளையை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கதவை ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய்ப் பூட்டிக்கொண்டது. மகள் சுவிட்சைப் போட்டு, திறந்து மூடித் திறந்து மூடி, சேட்டன் போதும் என்று சொல்லும்வரை விடவில்லை.

நான் கேட்காமலே அவர் இன்னொன்றும் செய்தார். பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். அந்தக் காலத்து 2ஏஇசட் இன்ஜினில், மேல்பாகத்தைப் பிடித்து வைக்கும் பின்பக்க ஹெட் போல்ட்டின் மரை சில வண்டிகளில் பிடி விட்டுவிடும், கூலண்ட் பின்னாலிருந்து கசிய ஆரம்பிக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது என்றார். எங்களுடையதில் உலர்ந்த கறைகூட இல்லை. மாதம் ஒருமுறை இதே இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், கூலண்ட் குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்றார். கியர்பாக்ஸ் ஆயில் என்ன ஊற்றுகிறேன் என்று கேட்டார். டைப் டி-ஃபோர் என்றதும் தலையாட்டினார். நான் அந்த வண்டியை எப்படி வைத்திருக்கிறேன் என்று விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துத் தலையாட்டியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

லேத்துக்கு 400, அவர் கூலி 500. ரெண்டாயிரம் கொடுத்தேன். தொள்ளாயிரம் எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். சாப்பாட்டுக் கணக்கை எடுத்ததும் கோபம் வந்துவிட்டது. கடைசியில் மாமா, ஐந்தருவியில் வாங்கிய மங்குஸ்தான் பையை அப்படியே சேச்சியிடம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் தொங்கு பாலம் போனோம். கல்லடையாற்றின்மேல் 1877-ல் கட்டியது, மரப் பலகை, கிணறு போன்ற தூணுக்குள் இறங்கும் சங்கிலி. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பாலத்தில் அதிக நேரம் நிற்க முடியாத அளவுக்குக் காற்று.

ஜூலை 6 – தென்மலை, செங்கோட்டை, வீடு

தென்மலை அணையை மழையில் பாதிதான் பார்க்க முடிந்தது. மான் பூங்காவில் மான்கள் நனையாமல் கொட்டகைக்குள் நின்றன. மதியம் ஒற்றக்கல்லில் மட்டை அரிசிச் சோறு, மோர்க்கறி, பொரித்த அயிலை. ஆளுக்கு 110 ரூபாய். இலையில் சோறு குறைந்ததும் கேட்காமலே வைத்தார்கள்.

ஆரியங்காவில் அதே அதிகாரி நின்றார். வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். அவரும் ஒருமுறை மூடிப் பார்த்தார்.

வீடு வந்து சேர்ந்த இரவே சேட்டன் போன் செய்தார். அவர் மருமகன் ஆகஸ்டில் ஷார்ஜாவிலிருந்து வருகிறானாம். சனாயாவில் பிரித்துப்போட்ட ப்ரீவியா ஒன்று இருக்கிறது, அதிலிருந்து நடு உருளை இரண்டையும், தண்டவாள முனை மூடிகளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், வேறு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள் என்றார். மாமா பக்கத்திலிருந்து போனை வாங்கி, பின் வைப்பர் மோட்டார், வலது கண்ணாடியின் ரப்பர் பீடிங் என்று சொல்ல ஆரம்பித்தார். பீடிங்கின் நீளம் வேண்டுமாம். நாளை காலை டேப் வைத்து அளந்து அனுப்ப வேண்டும்.